எந்த எடைக்கல்லால் நிறுப்பது?

குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கும் ஒவ்வொரு முறையும் நம் நண்பர்கள் வட்டத்தில் ஒரு பட்டிமன்றம் தானாகவே கூடிவிடுகிறது. நூல் வெளியீட்டு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதோ, புத்தகக் கண்காட்சி வாசலில் தேநீரோடு நிற்கும்போதோ எவரேனும் ஒருவர் திரியைக் கொளுத்துவார்: "அடுத்து யார்?" அவ்வளவுதான். ஒருவர் நாடறிந்த விஞ்ஞானி வேண்டும் என்பார். இன்னொருவர் இம்முறை இன்ன இனத்துக்கு, இன்ன பிரதேசத்துக்குத் தரவேண்டும் என்பார். மூன்றாமவர் அரசியல் வாடையே படாத ஓர் எழுத்தாளரை அந்த மாளிகையில் உட்காரவைத்துப் பார்க்க ஆசைப்படுவார். ஓரத்தில் நிற்கும் நண்பர், "ரப்பர் முத்திரைக்கு எதற்கய்யா இவ்வளவு ஆராய்ச்சி? வம்பு செய்யாத ஒருவர் இருந்தால் போதாதா?" என்று எல்லாவற்றையும் ஊதித் தள்ளிவிட்டுத் தேநீரை முடிப்பார்.

2022 ஜூலையில் பதவியேற்ற திரௌபதி முர்முவின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூலையோடு நிறைவு பெறுவது. அதையொட்டிய பட்டிமன்றத்தில் நம் கட்சி எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மேற்படி நால்வருமே பிழைபட நிறுக்கிறார்கள். தராசில் கோளாறு இல்லை, எடைக்கல்லில்தான் கோளாறு. புகழ், பிறப்பு, பாண்டித்தியம், சாதுத்தனம் என்ற நான்கு கற்களை மாற்றி மாற்றி வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறோம். நாடு அந்த மனிதரிடம் கேட்கப்போவதோ வேறொன்று. ஐந்தாண்டுகளில் இரண்டோ மூன்றோ இரவுகளில், மேசைமேல் அவசரமாக வைக்கப்பட்ட ஒரு தாளைப் பார்த்து, "இன்று கையெழுத்திட மாட்டேன், திரும்பக் கொண்டு போங்கள்" என்று சொல்லும் திராணி.

ரப்பர் முத்திரை நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். அவர் சொல்வதில் முக்கால் பங்கு உண்மை. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்கவேண்டும் என்பது 1976இன் 42ஆவது திருத்தத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டுவிட்டது. ஆனால் 1978இல் வந்த 44ஆவது திருத்தம் அந்த வாக்கியத்துக்கு ஒரு வால் சேர்த்தது: ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். மீண்டும் வந்தால் ஏற்றாக வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றும் சாதாரண மசோதாவையும் 111ஆவது பிரிவின்படி ஒருமுறை திருப்பலாம். 'ஒருமுறைதானே' என்று நண்பர் சிரிக்கக்கூடும். ஆனால் அந்த ஒருமுறைக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் கிடைக்கின்றன. செய்தித்தாள் அச்சாகிறது. எதிர்க்கட்சி விழித்துக்கொள்கிறது. அமைச்சரவைக்குள்ளேயே ஒருவர் இருவருக்குக் கூச்சம் வருகிறது. அரசியலில் பெரும் அக்கிரமங்களெல்லாம் அவசரத்தை நம்பியே நடக்கின்றன. ஒருநாள் தாமதம் என்பது எளிய ஆயுதமன்று.

அந்த ஒருநாள் இல்லாமற்போனதால் என்ன ஆயிற்று என்பதற்கு 1975 ஜூன் 25 இரவைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டாம். பிரதமரின் கடிதம் வந்தது, ஃபக்ருதீன் அலி அகமது நள்ளிரவுக்குச் சற்று முன்னே நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலை ஆறு மணிக்கு. அதாவது, எந்த அமைச்சரவையின் ஆலோசனைப்படி அவர் நடக்கவேண்டுமோ அந்த அமைச்சரவைக்கே செய்தி தெரியாது. "அமைச்சரவை கூடித் தீர்மானித்ததா?" என்ற ஒரே கேள்வியை அவர் கேட்டிருக்கலாம். சட்டப்படிக் கேட்கும் உரிமையும் இருந்தது. கேட்கவில்லை. குளியல் தொட்டியில் கிடந்தபடியே ஒரு குடியரசுத் தலைவர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு நீட்டுவதாக அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கோடுகள் அழியவில்லை. பின்னர் வந்த 44ஆவது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தாலொழிய நெருக்கடிநிலையைப் பிரகடனம் செய்யலாகாது என்று விதித்தது. ஒரு மனிதர் கேட்கத் தவறிய கேள்வியை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைக்க வேண்டியதாயிற்று!

1974இல் அவரை வேட்பாளராக்கியபோது எப்படி நிறுத்தார்கள்? கேம்பிரிட்ஜில் பயின்றவர், விடுதலைப் போரில் சிறை சென்றவர், நெடுங்கால அமைச்சர், சிறுபான்மையினர். நான்கு கற்களாலும் நிறுத்தால் முள் நேராகத்தான் நின்றிருக்கும்.

இப்போது தோற்றவர்களின் பக்கம் வருவோம். வெற்றி பெற்றவர்களின் படங்களைப் பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த நாம், எதிரே நின்றவர்கள் யார் என்று பார்ப்பதே இல்லை. அந்தப் பட்டியலில் மூன்று நீதிபதிகள் இருக்கிறார்கள். 1967இல் கோகா சுப்பாராவ். அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றத்தாலும் பறிக்க முடியாது என்று அவ்வாண்டு பிப்ரவரியில் கோலக்நாத் வழக்கில் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி. 1982இல் எச். ஆர். கன்னா. நெருக்கடிநிலைக் காலத்தில், சிறைப்பட்டவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டவும் உரிமையில்லை என்று நான்கு நீதிபதிகள் ஒப்பிய 1976 ஏப்ரல் தீர்ப்பில் தனி ஒருவராக மறுத்தெழுதியவர். அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். பணிமூப்பில் இளையவரை அவருக்கு மேலே அமர்த்தியதும் விலகிச் சென்றார். 1987இல் வி. ஆர். கிருஷ்ணய்யர். 1975 ஜூன் 24 அன்று, கோடை விடுமுறை நீதிபதியாக அமர்ந்து, பிரதமர் இந்திரா காந்திக்கு அவர் கேட்ட முழுத் தடையை வழங்காமல் நிபந்தனையோடு கூடிய தடையை மட்டும் வழங்கியவர். மறுநாள் இரவுதான் மேற்சொன்ன கையொப்பம்.

மூவரும் ஆட்சியாளர் விரும்பாததை எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டவர்கள். மூவரும் தோற்றார்கள். 1982இல் ஜெயில் சிங்குக்கு 7,54,113 மதிப்பு வாக்குகள், கன்னாவுக்கு 2,82,685. எண்ணிக்கை பலம் இல்லாத எதிர்க்கட்சிகள் நிறுத்திய வேட்பாளர் தோற்பது இயல்புதான், நீதிபதி என்பதால் தோற்கவில்லை என்று நண்பர்கள் சொல்லலாம். உண்மையே. ஆயினும் கவனியுங்கள்: வெல்லும் பலமுள்ள கட்சி எதுவும், எக்காலத்திலும், இப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப்போனதில்லை. மறுத்துப் பழகியவரைத் தோற்கும் அணிதான் நிறுத்துகிறது, அதுவும் அடையாளத்துக்காக.

(நீதிபதிகள் அப்பழுக்கற்றவர்கள் என்று நாம் வாதிடவில்லை. பதவியில் இருந்த தலைமை நீதிபதி, பதவியை உதறிய கையோடு கட்சிகளின் வேட்பாளராக நின்றது அழகன்று. சுப்பாராவ் அதைச் செய்தார். தீர்ப்பெழுதும்போதே இந்த நாற்காலி மனத்தில் இருந்ததோ என்று நாளைக்கு ஒருவன் கேட்டால் பதில் சொல்வது கடினம். கன்னாவுக்கு அந்தக் குறை இல்லை. அவர் விலகி ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன.)

நம் வாதத்துக்கு இடையூறாக ஒருவர் குறுக்கே நிற்கிறார் என்பதையும் மறைக்க வேண்டாம். அவர் ஜெயில் சிங். தலைவி கட்டளையிட்டால் துடைப்பத்தை எடுக்கவும் தயார் என்ற பொருள்படப் பேசியதாக நாடு முழுவதும் கேலி செய்யப்பட்டவர். அவரை நிறுத்தது சாதுத்தனம் என்ற கல்லால் மட்டுமே. அவர்தாம் 1986இல் தபால் அலுவலகத் திருத்த மசோதாவில் கையொப்பமிடாமல் விட்டவர். குடிமக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தந்த மசோதா அது. 'ஆம்' என்றும் எழுதவில்லை, 'இல்லை' என்றும் எழுதவில்லை. கோப்பை இழுப்பறையில் போட்டுவிட்டார். சாசனத்தில் இதற்குக் காலக்கெடு இல்லை. அவருக்குப் பின்வந்தவர் அதைத் திருப்பி அனுப்ப, 2002இல் அரசே மசோதாவை விலக்கிக்கொண்டது. இன்றைக்கு அந்தரங்க உரிமை பற்றி நெடிய கட்டுரைகள் எழுதும் நாம், பல்கலைக்கழக வாசனையே இல்லாத அந்தப் பஞ்சாபிக் கிழவருக்கு ஒரு நன்றிக் கடிதம் கடன்பட்டிருக்கிறோம். அவருக்கும் ராஜீவ் காந்திக்கும் இருந்த சொந்தப் பகையே காரணம் என்பார்கள். இருக்கட்டும். நன்மை சில வேளை கோணல் வழியாகவும் வந்து சேருகிறது. ஆனால் அதை நம்பி ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஜெயில் சிங்குக்குப் பின்வந்தவர் நம்மவர். தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். வழக்கறிஞர், தொழிற்சங்கங்களோடு பழகியவர், காமராசர் அமைச்சரவையில் தொழில்துறையைக் கட்டியெழுப்பியவர், மத்தியில் நிதியும் பாதுகாப்பும் பார்த்தவர். எந்தக் கல்லால் நிறுத்தாலும் குறையாத மனிதர். குடியரசுத் தலைவர் என்பவர் மின்சாரம் போனால் தானாக எரியும் அவசர விளக்கைப் போன்றவர் என்ற உவமை அவருடையதுதான். நல்ல உவமை. 1991 ஜனவரி 30 அன்று மின்சாரம் போயிற்று. சட்டமன்றத்தில் பெரும்பான்மையோடு இருந்த தி.மு.க. அரசைக் கலைக்க சந்திரசேகர் அரசு முடிவு செய்தது. ஆளுநர் பர்னாலா அதற்கான அறிக்கையைத் தர மறுத்துவிட்டார். ஆளுநர் அறிக்கை 'மூலமாகவோ வேறு விதமாகவோ' என்று 356ஆவது பிரிவில் கிடக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கோப்பு தில்லியில் நகர்ந்தது. வெங்கட்ராமன் கையொப்பமிட்டார். விளக்கு எரியவில்லை.

அக்காலத்துத் தி.மு.க. ஆட்சிமீது நமக்கு ஆயிரம் விமர்சனங்கள் இருக்கலாம். இங்கே கேள்வி அதுவன்று. மாநிலத்தில் இருந்துகொண்டு கண்ணால் பார்த்த ஆளுநர் 'இல்லை' என்கிறார். அவருக்கும் மேலே இருக்கும், அரசியல் சாசனத்தை வரிவரியாக அறிந்த, அந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் 'ஒருமுறை யோசியுங்கள்' என்றுகூடத் திருப்பவில்லை. 44ஆவது திருத்தம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவும் அனுபவமும் ஒரு மனிதரிடம் மறுக்கும் குணத்தைத் தானாக விளைவிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

இனி, சொல்லத் தயங்கும் இடத்துக்கு வருகிறோம். 2002இல் அப்துல் கலாமின் பெயர் அறிவிக்கப்பட்டபோது நாம் ஆடிய ஆட்டம் கொஞ்சமன்று. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன், வீணை வாசிப்பவர், பேச்சுக்குப் பேச்சு குறள் சொல்பவர், கவிதை எழுதுபவர்! எழுத்தை நேசிக்கும் ஒரு தமிழன் வேறென்ன கேட்பான்? எதிரே நின்றவரும் தமிழ்நாட்டோடு வேர்கொண்டவர்தாம்: சென்னையில் பிறந்து மருத்துவம் படித்து, நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, எண்பத்தேழு வயதிலும் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் லட்சுமி சேகல். அவர் எதை எதிர்த்து நின்றார், ஏன் நின்றார் என்று நம்மில் எத்தனை பேர் படித்தோம்? கலாமுக்கு 9,22,884, அவருக்கு 1,07,366. கணக்கு முடிந்தது.

கலாம் அந்த மாளிகையின் கதவுகளைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டார். அதை எவரும் மறுக்க முடியாது. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். அதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2005 மே 22 இரவு, அவர் மாஸ்கோவில் இருந்தார். பீகாரில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த சட்டமன்றத்தில், நிதிஷ் குமாரின் அணி எண்ணிக்கையைச் சேர்த்துவிடும் போலிருந்தது. ஆளுநர் பூட்டா சிங் அறிக்கை அனுப்பினார், நள்ளிரவை ஒட்டி மத்திய அமைச்சரவை கூடியது, தொலைநகலில் தாள் மாஸ்கோவுக்குப் பறந்தது. ஒருநாள் கூட ஒரு உறுப்பினரும் பதவியேற்று அமராத சட்டமன்றம் கலைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைச் சாசனத்துக்கு முரணானது என்றது. மனம் நொந்து விலகல் கடிதம் எழுதியதாகக் கலாமே பின்னாளில் எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறோம். ஆனால் விலகல் கடிதம் தேவைப்படவில்லையே! 'நாடு திரும்பியதும் பார்க்கிறேன்' என்ற மூன்று சொற்கள் போதுமாயிருந்தன.

கருணை மனுக்களின் கதை இன்னும் கனமானது. ஐந்தாண்டுகளில் அவர் முடிவெடுத்தவை இரண்டே. ஒன்றை நிராகரித்தார், மற்றொன்றில் தண்டனையைக் குறைத்தார். ஏனையவை கிடந்தன. தூக்குத் தண்டனை குறித்து அவருக்குள் சங்கடம் இருந்தது என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. சங்கடப்பட்ட மனம் முடிவெடுக்காமல் இருப்பதையே கருணை என்று எண்ணியிருக்கலாம். அது கருணையன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட மூவரின் மனு 2000 ஏப்ரலில் போயிற்று. உள்துறைக்கும் மாளிகைக்கும் இடையே கோப்பு பதினோரு ஆண்டுகள் அலைந்தது. 2011 ஆகஸ்டில் பிரதிபா பாட்டீல் நிராகரித்தார், செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஒரு மனிதன் பதினோரு ஆண்டுகள், ஒவ்வொரு விடியலிலும் பூட்ஸ் காலடியைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்ததற்கு நாம் கொடுத்த பெயர் 'பரிசீலனை'. அந்தப் பதினொன்றில் சில ஆண்டுகள் நாம் கொண்டாடிய மனிதரின் மேசையில் கழிந்தவை. அதை அந்நாளில் நாம் கேட்டோமா? கேட்கவில்லை. குறள் சொல்கிறார் என்று பூரித்துக்கொண்டிருந்தோம். அரசனைக் கடிந்துரைக்கும் துணைவர் வேண்டுமென்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிரதிபா பாட்டீலின் பெயர் 2007இல் வந்தபோது நம் வட்டத்தில் எழுந்த ஏளனம் இன்னும் காதில் இருக்கிறது. 'யார் இவர்?' என்றோம். அவர் முப்பதுக்கும் மேற்பட்ட தூக்குத் தண்டனைகளைக் குறைத்தார். சில முடிவுகள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின, நியாயமான கண்டனங்களும் உண்டு. ஆனால் முடிவெடுத்தார். முந்தையவர் தொடத் தயங்கிய அடுக்கில் கைவைத்தார். அதே கைதான் நம் மூவரின் மனுவையும் நிராகரித்தது. ஆகவே அவரைப் புகழ்வதா இகழ்வதா என்று நமக்கே குழப்பம். ஒன்று மட்டும் உறுதி: 2007இல் நாம் அவரை நிறுத்த எந்தக் கல்லும் இதில் எதையும் முன்னறிவிக்கவில்லை.

பிறப்பு என்ற கல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவர்களின் வீட்டிலிருந்து ஒருவர் அந்த மாளிகைக்குள் நடப்பது சிறிய விஷயமன்று. அதைச் சிறுமைப்படுத்துவோரோடு நமக்கு உறவில்லை. ஆனால் கட்சிகள் அதை எப்படிப் பயன்படுத்துகின்றன? 2017இல் ஆளும் அணி ராம்நாத் கோவிந்தை நிறுத்தியது, எதிரணி மீரா குமாரைத் தேடிப்பிடித்தது. இருவரும் தலித்துகள் என்பதால் சமன் ஆகிவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். மீரா குமார் மக்களவைத் தலைவராக ஐந்தாண்டுகள் எப்படி நடந்துகொண்டார், கோவிந்த் பீகாரில் ஆளுநராக இருந்தபோது எதிரணி அரசோடு எப்படிப் பழகினார் என்ற ஒப்பீட்டை எந்த நாளிதழாவது நடுப்பக்கத்தில் போட்டதாக நமக்கு நினைவில்லை. 2019 நவம்பர் 23 அதிகாலை 5.47 மணிக்கு மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டது. அமைச்சரவை கூடவில்லை, பிரதமர் தம் தனி விதியைப் பயன்படுத்தினார். விடிந்து சிறிது நேரத்தில் பட்னாவிஸ் பதவியேற்றார், நான்காம் நாள் விலகினார். ஒரு மாநிலத்தின் ஆட்சியைத் தீர்மானிக்கும் தாள் பொழுது புலருமுன் வந்தால், அந்த நேரமே ஒரு காரணம் அல்லவா, 'காலை பத்து மணிக்கு வாருங்கள்' என்று சொல்ல?

திரௌபதி முர்முவின் விஷயத்தில் நாம் செய்த பிழை இன்னும் வேடிக்கையானது. 2022இல் பேச்செல்லாம் பழங்குடிப் பெண், மயூர்பஞ்ச் மாவட்டத்துக் குக்கிராமம், ஆசிரியைப் பணி, தனிவாழ்வில் அடுக்கடுக்காக வந்த துயரங்கள் என்பதாகவே இருந்தது. ஆதரித்தவர்களும் அதையே சொன்னார்கள், 'வெறும் அடையாள அரசியல்' என்று எதிர்த்தவர்களும் அதையே சொன்னார்கள். அவர் ஜார்க்கண்டில் ஆளுநராக இருந்தபோது, 2017இல், பழங்குடியினர் நிலத்தைக் காக்கும் சோட்டாநாக்பூர், சந்தால் பர்கானா குத்தகைச் சட்டங்களுக்கு மாநில அரசு கொண்டுவந்த திருத்தங்களைத் திருப்பி அனுப்பினார். அந்த அரசு அவருடைய சொந்தக் கட்சியின் அரசு! அவருடைய வாழ்க்கைக் குறிப்பிலேயே இந்தப் பதவிக்கு உரிய தகுதி அது ஒன்றுதான், அதுதான் ஒப்பற்றது. அது அவரை நிறுத்தவர்களுக்கும் தேவைப்படவில்லை, எதிர்த்தவர்களுக்கும் தேவைப்படவில்லை. தராசிலேயே ஏறவில்லை.

எழுத்தாள நண்பரின் ஆசைக்கு வருவோம். அந்த ஆசையை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை, நமக்கும் அது உண்டு. அவர் சொல்லும் பெயர் பெரும்பாலும் கோபாலகிருஷ்ண காந்தி. நாவலாசிரியர், நாடகாசிரியர், காந்திக்கும் ராஜாஜிக்கும் பேரன். 2017இல் துணைத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார், 2022இல் எதிர்க்கட்சிகள் கேட்டபோது மறுத்துவிட்டார். நண்பர் அவரை எழுத்துக்காகவும் பரம்பரைக்காகவும் முன்மொழிகிறார். இரண்டும் பொருட்டல்ல என்கிறோம். 2007 மார்ச்சில் நந்திகிராமத்தில் காவல்துறை சுட்டதில் மக்கள் மடிந்தபோது, மேற்குவங்க ஆளுநராக இருந்த அவர் தம் அதிர்ச்சியை வெளிப்படையாக எழுதி அறிக்கையாக விட்டார். ஆளும் இடதுசாரிகள் சினந்தார்கள். ஆளுநர் இப்படிப் பொதுவில் பேசலாமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள், அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் நிறுக்கவேண்டிய பொருள் அந்த அறிக்கைதான், நாவல் அன்று. நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நெருக்கடிநிலையில் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற பட்டியலை நாம் பிரிக்கத் தொடங்கினால் நம் வட்டத்திலேயே பலருக்குச் சங்கடம்.

இந்த விவாதமெல்லாம் எதற்கு, நமக்கு வாக்கே இல்லையே என்று கேட்கலாம். வாக்கு நம் சட்டமன்ற உறுப்பினருக்கு இருக்கிறது. தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு 176 என்று மதிப்பு, உத்தரப் பிரதேசத்தவருக்கு 208, சிக்கிமுக்கு 7. இந்தக் கணக்குக்கு அடிப்படை 1971ஆம் ஆண்டு மக்கள்தொகை. இத்தேர்தலில் கட்சிக் கொறடாவின் உத்தரவு செல்லாது, வாக்கு ரகசியமானது. 1969இல் இந்திரா காந்தி 'மனச்சாட்சி வாக்கு' என்று சொல்லித் தம் கட்சியின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியையே வி. வி. கிரியைக் கொண்டு தோற்கடித்தார், அதுவும் இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகு. மனச்சாட்சி அதற்குமுன் அவ்வளவாகத் தலைகாட்டியதில்லை, அதற்குப்பின்னும் இல்லை. எனினும் சட்டத்தில் அந்தச் சன்னல் திறந்தே இருக்கிறது.

இன்றைக்கு இதன் அவசரம் கூடியிருக்கிறது. தமிழ்நாடு அரசு தன் ஆளுநருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், மாநில மசோதாக்கள்மீது குடியரசுத் தலைவர் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்கவேண்டும் என்றார்கள். நாம் மகிழ்ந்தோம். குடியரசுத் தலைவர் பதினான்கு கேள்விகளை நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அவ்வாண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலக்கெடு விதிக்க இயலாது என்று கருத்துரைத்தது. சட்டநுணுக்கத்தில் எது சரி என்பது ஒருபுறமிருக்கட்டும். நடைமுறையில் இதன் பொருள் என்ன? நம் சட்டமன்றம் நிறைவேற்றி தில்லிக்குப் போகும் ஒரு மசோதாவுக்கும், சிறையிலிருந்து போகும் ஒரு மனுவுக்கும் கடிகாரம் கிடையாது. நாற்காலியில் இருப்பவரின் குணமே கடிகாரம். அந்தக் குணத்தைத் தேர்தலுக்கு முன்பே விசாரிக்காமல் பிறகு நீதிமன்றப் படியேறி என்ன பயன்?

விசாரிப்பது அப்படியொன்றும் கடினமன்று. பேசப்படும் பெயர் ஆளுநராக இருந்தவருடையது என்றால், அவர் எந்த அறிக்கையை அனுப்பினார், எதைத் தர மறுத்தார் என்று பார்க்கலாம். நீதிபதி என்றால் மாறுபட்டு எழுதிய தீர்ப்பைப் படிக்கலாம். அவைத்தலைவர் என்றால் தம் கட்சிக்காரரின் தகுதிநீக்க மனுவை எத்தனை மாதம் வைத்திருந்தார் என்று எண்ணலாம். விஞ்ஞானியோ எழுத்தாளரோ என்றால், அமைச்சர் சொன்னதற்கு மாறாக ஒரு குழுவில் எப்போதேனும் குறிப்பெழுதியதுண்டா என்று கேட்கலாம். எல்லாம் பொது ஆவணங்களில் கிடக்கிறது. நம் பத்திரிகைகளுக்குப் பிடித்த 'காலையில் யோகா, இரவில் கீதை' வகையறாக் குறிப்புகளை ஒருமுறையாவது ஒத்திவைத்துவிட்டு இதைத் தேடலாம்.

கடைசியாக ஓர் ஆட்சேபம். தங்களை மறுக்கக்கூடியவரை எந்த ஆளுங்கட்சி தெரிந்தே நிறுத்தும்? நிறுத்தாது என்பதே பெரும்பாலும் பதில். ஆனால் 1997ஐ நினைத்துப் பாருங்கள். கே. ஆர். நாராயணனை ஏறத்தாழ எல்லாக் கட்சிகளும் சேர்ந்து நிறுத்தின. எதிர்த்து நின்ற டி. என். சேஷன் நொறுங்கிப் போனார். பதிவான வாக்கில் ஏறக்குறைய 95 விழுக்காடு நாராயணனுக்கு. உழவூரின் ஏழைத் தலித் குடும்பத்துப் பிள்ளை, லாஸ்கியிடம் படித்தவர், தூதர், துணைத் தலைவர் என்றெல்லாம் வழக்கம்போல் நிறுத்தார்கள். ஜூலை 25 அன்று பதவியேற்றார். அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்ற கையோடு, அந்த அரசைக் கலைக்கும்படி குஜ்ரால் அமைச்சரவை தீர்மானித்து அனுப்பியது. அவரை அந்த நாற்காலியில் அமர்த்தியவர்களின் அமைச்சரவை அது. கலைக்கச் சொன்ன அரசோ அவருடைய கொள்கைக்கு எதிர்முகாம். 44ஆவது திருத்தம் தந்த அந்த ஒருமுறையை நாராயணன் பயன்படுத்தினார். கோப்பு திரும்பிப் போயிற்று. அமைச்சரவை மறுபடி அதை அனுப்பவில்லை.